சிற்றூர்க்குக் கணக்கெழுதிய குமரப்பா

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையில் ஏற்றப்பெறும் தீபத்தின் சிறப்பைக் கேள்வியுறாத தமிழர் இலர். மாலைப் பொழுதில் மலையுச்சியில் பெரிய கொப்பரையில் நெய் பெய்து ஏற்றும் அச்சுடர், பல கல் தொலைவிற்கும் புலப்படும். அதனைக் கண்ட அளவில், சுற்றியுள்ள சிற்றூர்களில் வீடுதோறும் அகல் விளக்குகள் வரிசையாக ஒளிவிடத் தொடங்கும். அவ்வகல்களுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதும் ஒரு காலத்தில் அவ்வூர்களிலேயே உண்டாயிற்று. எள், ஆமணக்கு, இலுப்பை, வேம்பு ஆகியவற்றின் வித்துகளை ஊர்ச் செக்கிலே ஆட்டி எண்ணெய் எடுத்தனர். எண்ணெய் அடுக்களைக்கும் விளக்கிற்கும் பயன்பட்டது. பிண்ணாக்கு மாட்டிற்கும் வயலுக்கும் பயன்பட்டது. செக்காட்டுவோர் குடும்பமும் அதனால் பிழைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ரஷியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மண்ணெண்ணெய் நம் நாட்டிற்குள் புகுந்தது. கார்த்திகை நாளில் மட்டும் அகல் எரிந்தது. ஏனைய நாள்களில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. அது காற்றில் அணைவதில்லை. அகலினும் மிக்க ஒளி தருவது. ஆதலின் மக்கள் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஆயினும், அவ்வெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரை விட்டுப் போயிற்று. போன காசு மீண்டு வரவில்லை. செக்கின் ஓசையும் சிறிது சிறிதாக அடங்கியது. விளக்கொளியை மட்டும் கண்டவர் பலர். அவ்வொளிக்கு ஊர் கொடுத்த விலையைக் கணக்கிட்டுப் பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர், கணக்கெழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தமிழர். அவரே ஜே. சி. குமரப்பா.

குமரப்பா தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் இறைப்பற்று மிக்கவர். செல்லத்துரை சென்னையிற் கல்வி பயின்று, பின்னர்க் கணக்காய்வுக் கலையைக் கற்கும்பொருட்டு இங்கிலாந்து சென்றார். முதல் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில் அவர் லண்டன் மாநகரில் வாழ்ந்தார். 1919-இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் அலுவலேற்றார். சில ஆண்டுகளில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து தமக்கெனக் கணக்காய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். பெரிய வணிகர்கள் அவரை நாடி வந்தனர். உடையும் உணவும் உறையுளும் மேனாட்டு முறையிலேயே அமைந்திருந்தன. அடிமை நாட்டின் துயரம் அந்நாளில் அவர் நெஞ்சைத் தொட்டதாகத் தெரியவில்லை.

அவர் வாழ்வை மாற்றியது அமெரிக்கப் பயணம். 1927-இல் அந்நாடு சென்ற அவர், சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக ஆட்சி இயலில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவு பற்றிய இயலைப் பயின்றார். அக்காலத்தில் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யாது என்பது பற்றிச் சொற்பொழிவாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அச்சொற்பொழிவின் செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற அவருடைய பேராசிரியர் செலிக்மன், ஆராய்ச்சிக்கும் அதனையே பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். மாணவர் பழைய அரசாங்கக் கணக்குகளைப் புரட்டினார். உழவன் கொடுத்த வரி, படைச் செலவாகவும் கடன் வட்டியாகவும் உயர் அலுவலர் ஊதியமாகவும் ஓய்வூதியமாகவும் போய்க்கொண்டிருந்தது; அவனுடைய நிலத்திற்கும் கல்விக்கும் நலத்திற்கும் திரும்பி வந்தது மிகச் சிறு பகுதியே. ஒரு வணிக நிலையம் நட்டப்படுவதன் காரணத்தைக் கணக்கேட்டிலே தேடிப் பழகிய கண், ஒரு நாடு வறுமையுற்றதன் காரணத்தையும் அவ்வாறே தேடிக் கண்டுபிடித்தது.

1929-இல் நாடு திரும்பிய அவர், தம் ஆராய்ச்சி நூலை அச்சிடும் நோக்கத்துடன் காந்தியடிகளைக் காண விழைந்தார். அவ்வாண்டு மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தை அடைந்தபோது, ஒரு மரத்தடியில், சாணத்தால் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். குறித்த நேரத்திற்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. கைத்தடியை ஊன்றி நின்றவாறே அவர் அக்காட்சியை நோக்கிக்கொண்டிருந்தார். சிறிது பொழுதில் அம்முதியவர் வாய்திறந்து, வந்தவர் பெயரைச் சொல்லி வினவினார். தாம் காண வந்த பெரியார் இவரே என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று. மடிப்புக் குலையாத பட்டு உடையுடன் அச்சாணத் தரையிலேயே அவர் அமர்ந்துவிட்டார்.

காந்தியடிகள் அந்நூலைத் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட இசைந்தார். அதனோடு நில்லாமல், குஜராத்திச் சிற்றூர்களுக்குச் சென்று அங்குள்ள மக்களின் வரவு செலவை ஆராய்ந்து வருமாறு அவரைப் பணித்தார். அதுகாறும் அரசாங்க ஏடுகளிற் கண்ட வறுமையை இனி வீடுகளிற் காணவேண்டும் என்பது அடிகளின் கருத்துப் போலும். கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் 54 ஊர்களில், குஜராத் வித்தியாபீட மாணவர்களின் துணைகொண்டு அவ்வாராய்ச்சி நடைபெற்றது. ஒரு குடும்பத்திற்கு நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, உண்பது யாது, உடுப்பது யாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினர். பம்பாய் வணிகரின் கணக்குகளைச் சரிபார்த்தவர் ஏழை உழவனின் கணக்கைச் சரிபார்க்கலானார். அவ்வூர்களிலிருந்து திரும்பியவர் பழைய கார்னீலியஸ் அல்லர். அக்காலத்திலேயே அவர் தம் குடும்பத்தின் பழம் பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார், கதர் உடுத்தார், பம்பாய்த் தொழிலைக் கைவிட்டார். உப்பு அறப்போர்க் காலத்தில் 'யங் இந்தியா' இதழை நடத்தும் பொறுப்பேற்றுச் சிறையும் புகுந்தார்.

1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பீகாரில் பெரு நிலநடுக்கம் நேர்ந்தது. துயர் துடைக்கத் திரட்டிய நிதியின் கணக்கை இராஜேந்திர பிரசாத் குமரப்பாவிடம் ஒப்படைத்தார். தொண்டர் ஒருவரின் உணவிற்கு நாளொன்றுக்கு மூன்றணாவே செலவிடலாம் என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் அங்கு வந்தபோது, அப்பரிவாரத்தின் செலவைத் துயர் துடைப்பு நிதியில் எழுத இயலாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். அடிகள் அதற்கு உடன்பட்டார். கணக்கிற்குப் பெரியவர் சிறியவர் என்னும் வேறுபாடு இல்லை என்பதில் அவர் அத்துணை உறுதியாக இருந்தார். அவ்வுறுதி சில வேளைகளிற் கடுமையாகவும் மாறியது உண்டு. முன்கோபம் அவருக்கு இருந்தது. அதனை அவருடைய நண்பர்களும் மறைத்ததில்லை.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்திய கிராமத் தொழிற் சங்கம் தோற்றுவிக்கப்பெற்றது. காந்தியடிகள் அதன் வழிகாட்டி. குமரப்பா அமைப்பாளரும் செயலாளரும் ஆவார். நடு இந்தியாவில் வார்தா நகரில் ஜம்னாலால் பஜாஜ் என்னும் செல்வர் வழங்கிய தோட்டத்தில் சங்கம் இயங்கியது. அத்தோட்டத்திற்கு, கதர்ப் பணியில் தம் வாழ்வை ஈந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி எனப் பெயர் வழங்கலாயிற்று. தமிழில் மைந்தனைக் குறிக்கும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. அங்கு உருவான கருவிகள் சிலவும் அப்பெயர் பூண்டன.

மகன்வாடியில் நடைபெற்ற பணி யாது? புதிய பொறிகளைப் படைப்பதன்று. பழைய கருவியை எடுத்து, அதன் குறை எங்குள்ளது என்று கண்டு, ஊர்த் தச்சனும் கொல்லனும் குயவனும் செய்யத்தக்க எளிய முறையில் அதனைத் திருத்துவது. முதலிற் செக்கினை எடுத்துக்கொண்டனர். பழஞ்செக்கிலே மாட்டின் உழைப்பு மிகுதி. எண்ணெயோ பிண்ணாக்கிலே தங்கிவிடும். ஜவேர்பாய் பட்டேல் என்னும் தொண்டர் பல நாள் ஆராய்ந்து, மாட்டிற்கு வருத்தம் குறையவும் எண்ணெய் மிகுதியாக இறங்கவும் தக்கவாறு உரலையும் உலக்கையையும் திருத்தி அமைத்தார். திருவண்ணாமலைப் பகுதி மக்கள் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகள் விளையும் ஊர்களில் இதன் பயனை எளிதில் உணரலாம். கடலை மூட்டையாக ஆலைக்குப் போனால் ஊருக்குக் கிடைப்பது கடலையின் விலை ஒன்றே. ஊரிலே ஆட்டினால் கூலியும் பிண்ணாக்கும் ஊரிலே நிற்கும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் சாணம் வயலுக்குப் போகும்.

அடுத்தது விளக்கு. விதை எண்ணெயை அரிக்கேன் விளக்கில் ஊற்றி எரித்தல் இயலாது. மண்ணெண்ணெய் நீர்த்த தன்மையுடையது. திரியின் வழியே உயர ஏறும். விதை எண்ணெய் கெட்டியானது. அவ்வளவு உயரம் ஏறாது. ஆகவே எண்ணெய் சுடருக்கு அண்மையிலேயே நிற்குமாறு விளக்கை அமைத்தல் வேண்டும். இத்தகைய இடர்ப்பாடுகளை ஆராய்ந்து, உண்ணுதற்கு ஆகாத எண்ணெய்களைக் கொண்டும் காற்றில் அணையாமல் எரியத்தக்க ஒரு விளக்கை உருவாக்கினர். 'மகன் தீபம்' என்பது அதன் பெயர். வேலியோரத்து ஆமணக்கும் தெருவோரத்து வேம்பும் வீட்டிற்கு ஒளி தரும் என்பதை அது காட்டியது.

இவற்றினும் மேலாக மதிக்கத்தக்கது புகையில்லா அடுப்பு. நம் பெண்டிர் மூன்று கல்லைக் கூட்டியோ மண்ணடுப்பு அமைத்தோ சமைத்து வந்தனர். தமிழ்நாட்டில் முதன்மை அடுப்பின் வெப்பம் பக்கத்துக் கண்ணிற்கும் செல்லுமாறு கொடியடுப்பு வைப்பது உண்டு. எனினும் புகை வெளியேற வழியில்லை. சன்னல் இல்லாத சமையலறையில் ஈர விறகின் புகையில் நாளும் நிற்பவரின் கண் கலங்கும், நெஞ்சு நோகும், இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் அதே துன்பம். அரசியலும் பொருளியலும் பேசும் அறிஞர் பலர் அச்சமையலறையை எட்டிப் பார்த்ததில்லை. மகன்வாடித் தொண்டர் பார்த்தனர். அவர்கள் அமைத்த அடுப்பில் நெருப்பு மூடிய வாயினுள்ளே எரியும். அனல் முதற் கண்ணிலுள்ள பானையைச் சூடாக்கி, உள் வழியாகச் சென்று அடுத்த கண்ணிலுள்ள பானையையும் சூடாக்கும். எஞ்சிய புகை புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே போய்விடும். வேண்டிய பொருள்கள் களிமண்ணும் சாணமும் சுட்ட மண்குழாயுமே. ஒரே நெருப்பில் இரு பானை வேகுமாதலின் விறகும் குறையும். விறகு குறைந்தால் வறட்டியின் தேவையும் குறையும். அடுப்பிலே எரியும் சாணம் வயலுக்கு எருவாகும். சாணத்தை எரிப்பது நிலத்தின் உணவை எரிப்பதாகும் என்பது குமரப்பாவின் கொள்கை.

இவ்வடுப்பிற்கும் குறை உண்டு. புகைபோக்கியில் படியும் கரியை அவ்வப்போது நீக்காவிடின் புகை மீண்டும் அறைக்குள்ளே திரும்பும். 1980-களில் நடுவண் அரசு இவ்வகை அடுப்புகளை நாடெங்கும் பரப்ப முயன்றபோது, அமைத்துக் கொடுத்தவர் போனபின் பேணுவார் இன்மையால் பழுதுற்றவை பல. கருவியைக் கொடுத்தல் எளிது. அதனைத் தானே செய்யவும் திருத்தவும் ஒருவர்க்குக் கற்பித்தல் அரிது. மகன்வாடியில் பயிற்சிப் பள்ளி நடத்தியதன் காரணம் இதுவே.

ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியால் தவிட்டிலுள்ள சத்து நீங்கிப் பெரிபெரி என்னும் நோய் வருதலைச் சுட்டிக் கைக்குத்தல் அரிசியைப் போற்றினர். பனஞ்சாற்றிலிருந்து வெல்லம் காய்ச்சினால், கரும்பு விளையும் நன்செய்யில் நெல் விளையும் என்று கணக்கிட்டனர். தேனீ வளர்த்தனர், உவர்மண்ணிலிருந்து சவர்க்காரம் செய்தனர், கழிவைக் குழியிலிட்டு எருவாக்கினர். சங்கத்தின் நூல்கள் கையாற் செய்த காகிதத்தில் அச்சாயின. 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காந்தியடிகள் திறந்துவைத்த மகன் காட்சிச்சாலை வார்தாவில் இன்றும் உள்ளது.

குமரப்பாவைப் பொறிகளின் பகைவர் என்று எண்ணுதல் பிழை. அவர் கேட்ட கேள்விகள் ஒரு கணக்கரின் கேள்விகள். கருவிக்கு வேண்டிய எரிபொருள் எங்கிருந்து வருகிறது? வந்த பயன் யாரிடம் சேர்கிறது? எடுத்த பொருளை இயற்கை மீண்டும் நிரப்புமா? இக்கேள்விகளுக்குரிய விடையை அவர் எழுதியது சிறையில். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின் ஜபல்பூர்ச் சிறையில் இருந்த காலத்தில் 'நிலைபேற்றின் பொருளியல்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை அவர் இயற்றினார். அது 1945-இல் வெளிவந்தது.

அந்நூலில் உயிர்களின் வாழ்க்கை முறையை ஐந்தாகப் பிரித்தார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. மாமரத்திற்கு யாதும் செய்யாது பழத்தை மட்டும் பறிக்கும் குரங்கு இரண்டாம் வகை. தன் உழைப்பால் தனக்குக் கூடு கட்டும் பறவை மூன்றாம் வகை. கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கும் தேனீ நான்காம் வகை. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாம் வகை. மக்கள் சமுதாயம் இவற்றுள் எதனைப் பின்பற்றுகிறது என்பதே அவர் வினா. மேலும், உலகப் பொருள்களைத் தேங்கியவை என்றும் ஓடுபவை என்றும் அவர் இரு கூறாக்கினார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் தொட்டியில் தேங்கிய நீர் போல்வன. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அவற்றிற்காக நாடுகள் போரிடும். மரமும் விதையும் மாட்டின் ஆற்றலும் ஆற்றுநீர் போல்வன. அளவறிந்து எடுத்தால் ஆண்டுதோறும் வரும். செக்கும் விளக்கும் அடுப்பும் அவருக்கு ஏன் பெரிய பொருள்களாயின என்பது இதனால் விளங்கும். எரிபொருளாற் காற்றும் வானிலையும் கெடுதல் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுதப்பெற்ற நூல் அது. ஷூமாக்கர் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர், சிறுமையின் அழகு பற்றி 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார்.

ஆனால் தாய்நாட்டில் அவர் சொல் ஏறவில்லை. 1938-இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் உறுப்பினரான அவர், குழுவின் நோக்கு பெருந்தொழில்களின் பக்கமே சாய்ந்திருத்தல் கண்டு சில மாதங்களில் விலகினார். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்னும் அவ்வறிக்கை பாராட்டுப் பெற்ற அளவிற்கு நடைமுறை பெறவில்லை. டிராக்டர் உழும், சாணம் இடாது என்று அவர் வாதிட்டபோது கேட்டோர் நகைத்தனர். நாட்டின் பசியைத் தீர்க்கப் பெருந்திட்டங்களும் வேண்டியிருந்தன என்பதனை மறுத்தற்கில்லை. குமரப்பா அதனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறுவாரும் உளர். மின்சாரம் வந்தபின் மகன் தீபம் காட்சிச்சாலைப் பொருளாயிற்று. எனினும், நிலத்தின் உரம் குன்றுதல் பற்றி அவர் செய்த எச்சரிக்கையை நகைப்பார் இன்று இலர்.

மணம் செய்துகொள்ளாது வாழ்ந்த குமரப்பா, சிறை வாழ்வாலும் ஓயாத உழைப்பாலும் உடல் நலிந்தார். இரத்தக் கொதிப்பு நோய் அவரை வருத்தியது. இறுதி ஆண்டுகளில் தமிழ்நாடு திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அவர் வாழ்ந்த சிறு இல்லத்தில் ஏழை உழவன் ஒருவனின் படம் இருந்தது என்பர். அப்படம் யாருடையது என வினவியவர்க்கு, தம் தலைவர் காந்தியடிகள் என்றும், அத்தலைவருக்கும் தலைவன் இவ்வுழவன் என்றும் அவர் விளக்குவாராம். நோய் முதிர்ந்தமையால் சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பெற்றார். 1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், தம் அறுபத்தெட்டாம் வயதில் குமரப்பா இயற்கை எய்தினார்.